உங்களுக்குத் தெரியுமா? அத்தர் சேர்க்கும் ஆண் தேனீ

மரகதப் பச்சை, மயில் நீலம், தாமிரச் சிவப்பு என உலோகம்போல் மின்னும் தேனீக்கள் மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரையிலான காடுகளில் வாழ்கின்றன. ஆர்க்கிட் தேனீக்கள் என்று பெயர். மொத்தம் சுமார் 250 இனங்கள். நம் பக்கத்துக் காடுகளில் ஒன்றுகூடக் கிடையாது.

✦ உடம்பைவிட நீளமான நாக்கு கொண்ட இனங்களும் உண்டு. பறக்கும்போது அதை வயிற்றுக்கு அடியில் மடக்கிக்கொள்ளும். மற்ற தேனீக்கள் பெரும்பாலும் பூந்தேனை நக்கிக் குடிக்கும். இவை உறிஞ்சிக் குடிக்கும்.

✦ பசிக்குத் தேன் குடிப்பது ஒரு பக்கம். ஆண் தேனீயின் முழுநேர வேலை வாசனை திரட்டுவதுதான். மணமுள்ள இடத்தில் அமர்ந்ததும் தலையிலுள்ள சுரப்பியிலிருந்து கொஞ்சம் கொழுப்பை அதன்மேல் விடும். மணம் கொழுப்பில் கரையும். முன்னங்கால் மயிர்த் தூரிகையால் அதைத் துடைத்தெடுத்து, அந்தரத்தில் பறந்தபடியே நடுக்காலுக்கு மாற்றி, பின்னங்காலின் புடைத்த பகுதிக்குள் இருக்கும் பஞ்சுப் பையில் சேர்த்துவிடும். பிரான்சின் கிராஸ் நகரத்தில் மல்லிகையைக் கொழுப்பில் பதித்து வாசனை எடுத்தார்களே, அதே முறை! இதில் தேனீயின் சிக்கனம் ஒரு படி மேல். வேலை முடிந்த கொழுப்பு வீணாவதில்லை. தலைச் சுரப்பிக்கே திரும்பிப்போய் அடுத்த பூவுக்கு உதவுகிறது.

✦ பூ, மரப்பிசின், உளுத்த கட்டை, பூஞ்சை, இலை என்று பல இடங்களில் சேர்த்த கலவை அது. ஒவ்வோர் இனத்துக்கும் கலவை வேறு. சேர்த்ததை என்ன செய்யும்? காட்டில் ஒரு மரத்தண்டைப் பிடித்துக்கொண்டு, சிறகடித்து மணத்தைக் காற்றில் விடும். இது பெண்ணைக் கவரத்தான் என்று எல்லோரும் ஊகித்தார்கள். நிரூபிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கூண்டுக்குள் நடத்திய சோதனையின் முடிவு 2023இல் வெளிவந்தது: வாசனை கொண்ட ஆண்களுக்கே வாரிசுகள் அதிகம்.

✦ இந்தத் தேனீக்களை ஆய்வாளர்கள் கணக்கெடுப்பது வாசனைத் தூண்டிலால். 1960களில் டாட்சன், டிரெஸ்லர் முதலானோர் ஆர்க்கிட் மணங்களைப் பிரித்து அறிந்தபின் வேலை எளிதாயிற்று. சினியோல், மெத்தில் சாலிசிலேட், யூஜினால் ஆகியவற்றில் நனைத்த தாளைத் தொங்கவிட்டால் போதும். முதலாவது நம் நீலகிரித் தைலத்தின் பிரதான சரக்கு, இரண்டாவது மூட்டுவலித் தைலத்தின் நெடி, மூன்றாவது கிராம்பு. பனாமாக் காட்டில் முழங்காலுக்குத் தைலம் தடவுகிறவரை ஒரு பச்சைத் தேனீ சுற்றினால் பயப்பட வேண்டாம். வந்திருப்பது ஆண், ஆணுக்குக் கொடுக்கு கிடையாது.

✦ பிரேசிலில் மலேரியாவை ஒழிக்க வீட்டுச் சுவர்களில் டிடிடி தெளித்தார்கள். யூஃப்ரீசியா பர்பியூரேட்டா என்ற இனத்தின் ஆண்கள் கூட்டமாக வந்து அந்த நஞ்சைச் சுரண்டிச் சேர்த்தன. சாகவும் இல்லை.

✦ வாளி ஆர்க்கிட்டின் பூவில் நிஜமாகவே ஒரு வாளி இருக்கிறது. மேலே இரு சுரப்பிகளிலிருந்து திரவம் சொட்டி அதை நிரப்பும். மணம் சுரண்ட வந்த தேனீ வழுக்கி உள்ளே விழும். சிறகு நனைந்ததால் பறக்க முடியாது. வெளியேற ஒரே வழி, பின்பக்கத்து இடுக்குத் துளை. நெருக்கியடித்து வெளிவரும்போது முதுகில் மகரந்தப் பொதி ஒட்டிவிடும். அதே தேனீ இன்னொரு வாளியில் விழுந்தால்தான் பூவுக்குப் பலன். டிரினிடாடில் தாவரவியலாளர் குரூகர் இதைப் பார்த்து எழுதினார். டார்வின் அதைத் தம் நூலில் சேர்த்துக்கொண்டார்.

✦ கேட்டசீட்டம் ஆர்க்கிட் இன்னும் முரடு. ஆண்பூவின் உணர்கொம்பைத் தொட்டால் மகரந்தப் பொதி தெறித்துத் தேனீயின்மேல் அறையும். அறை வாங்கிய தேனீ அதன்பின் ஆண்பூக்களைத் தவிர்த்து, வேறு தோற்றமுள்ள பெண்பூக்களுக்குப் போகிறது. பூவுக்கு வேண்டியதும் அதுதானே!

✦ யார் யாரை நம்பியிருக்கிறார்கள்? 2011இல் வெளியான மரபணு ஆய்வின்படி, தேனீக்கள் வாசனை திரட்டத் தொடங்கி நெடுங்காலம் கழித்தே ஆர்க்கிட்டுகள் அந்த ரசனைக்கேற்ப மணம் வீசத் தொடங்கின. தேனீக்கு ஆர்க்கிட் கட்டாயமில்லை என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடா ஒரு கண்கூடான சாட்சி. 2003இல் யூக்ளோசா டிலெம்மா என்ற பச்சைத் தேனீ அங்கே தென்பட்டது. அதன் சொந்த ஊர் ஆர்க்கிட்டுகள் அங்கே இல்லை. திருநீற்றுப்பச்சிலை போன்ற நறுமண இலைகளைச் சுரண்டியே சௌகரியமாகப் பெருகிவிட்டது. நூற்றுக்கணக்கான ஆர்க்கிட் இனங்களோ இந்த ஆண்களை விட்டால் வேறு கதியில்லாமல் நிற்கின்றன. காட்டில் தேனீ குறைந்தால் முதலில் அடிபடுவது பூதான்.

✦ இவை நம் கூட்டுத் தேனீக்கு நெருங்கிய உறவுதான். ஆனால் பெரிய ராஜ்ஜியம் கிடையாது. சில இனங்களில் தாயும் மகளும் ஒரே பிசின் கூட்டில் குடியிருக்கும். மகள் இட்ட முட்டையைத் தாய் தின்றுவிட்டு, அதே அறையில் தன் முட்டையை இடும். இதைவிட மோசம் எக்ஸிரீட், அக்லே வகைகள்: அவை கூடே கட்டுவதில்லை, உறவினர் கூட்டில் முட்டையிட்டுப் போய்விடும்.

✦ 23 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டும் கூடு திரும்பிய தேனீயைப் பற்றி ஆய்வாளர் ஜான்சென் 1971இல் எழுதினார். பனாமாவில் குட்டி ரேடியோ ஒட்டி விட்ட தேனீ கால்வாயையே தாண்டியது. அதே குடும்பத்தின் சில இனங்கள், மனவுஸ் அருகே காட்டைத் துண்டாக்கியபோது, 100 மீட்டர் வெட்டவெளியைக் கடக்க மறுத்தன. தூரம் அவற்றுக்குப் பொருட்டில்லை. நிழல் இல்லாததுதான் தடை போலும்.

✦ வனிலாவின் தாயகமான மெக்சிகோவில் அதன் பூவைத் தேடிவரும் முக்கிய விருந்தாளிகள் இத்தேனீக்கள். அவை இல்லாத ரீயூனியன் தீவில், 1841இல் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் குச்சியால் மகரந்தம் சேர்க்கும் வழியைக் கண்டான். நம் ஊர் வனிலாத் தோட்டங்களிலும் இன்றுவரை அதே கைவேலைதான்.

✦ பிரேசில் நட் பூவுக்கு இறுக்கமான மூடி உண்டு. அதை நெம்பித் திறக்க யூலீமா என்ற ஆர்க்கிட் தேனீ, தச்சுத் தேனீ போன்ற பலசாலிகள் வேண்டும். கடைக்கு வரும் கொட்டைகளில் பெரும்பங்கு இன்றும் காட்டில் பொறுக்கியவையே. பிரேசில் சட்டப்படி இம்மரத்தை வெட்டக் கூடாது. ஆகவே சுற்றிலும் காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கியவர்கள் மரத்தை மட்டும் விட்டுவைக்கிறார்கள். அப்படித் தனித்து நிற்கும் மரங்களில் காய்ப்பு குறைவு.