மரபணுவும் மரபும்

மனிதர் ஒருவரோடொருவர் பழகும் விதத்தைப் பெற்றோர் வழி வரும் மரபணு, சமூகம் கற்றுத்தரும் பண்பாடு, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே வகுக்கப்பட்ட எதிர்பார்ப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்குகின்றன. எது எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்து அளப்பது எளிதன்று. ஒன்று மற்றொன்றின் வழியாகவே வேலை செய்கிறது.

மரபணுவின் பங்கை அறிய இரட்டையர்களை ஒப்பிடுவது பழைய முறை. ஒரே கரு பிரிந்து பிறந்த இரட்டையரின் மரபணு ஏறத்தாழ முழுதும் ஒன்றே. இரு கருக்களில் பிறந்தவர்களிடம் சராசரியாகப் பாதியே பொது. முதல் வகையினர் குணத்தில் அதிகம் ஒத்திருந்தால், அதற்குக் காரணம் மரபணு என்று கொள்ளலாம். 50 ஆண்டு இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான கணக்கு, பல்வேறு பண்புகளின் சராசரி மரபுவழிப் பங்கை 49 சதவீதம் என்றது. ஒருவருடைய குணத்தில் பாதி மரபணு, பாதி வளர்ப்பு என்பது இதன் பொருளல்ல. மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி மரபணு வேறுபாட்டோடு தொடர்புடையது என்பதே பொருள்.

அந்த மரபணுவும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி வெளிப்படுவதில்லை. பிணைப்புணர்வோடு தொடர்புடைய ஆக்சிடோசின் ஹார்மோனின் ஏற்பிக்குரிய மரபணுவை 2010இல் ஓர் ஆய்வு எடுத்துக்கொண்டது. மனஅழுத்தத்தில் இருந்த அமெரிக்கர்களில், அம்மரபணுவின் ஒரு வகையைக் கொண்டவர்கள் பிறரிடம் கூடுதலாக ஆறுதல் தேடினார்கள். கொரியர்களிடம் அந்த வேறுபாடு தென்படவில்லை. தன் துயரைச் சொல்லிப் பிறருக்குச் சுமை தரக்கூடாது என்று கருதும் சமூகம் அது.

பாலினத்திலும் இதே சிக்கல் உண்டு. போட்டி மனப்பான்மை ஆணுக்கு இயல்பிலேயே மிகுதி என்பது பரவலான நம்பிக்கை. அதைச் சோதிக்க யூரி நீசி, கென்னத் லெனார்ட், ஜான் லிஸ்ட் ஆகியோர் தந்தைவழிச் சமூகமான தான்சானியாவின் மாசாய் மக்களையும், தாய்வழிச் சமூகமான மேகாலயாவின் காசி மக்களையும் ஒப்பிட்டு, முடிவுகளை 2009இல் வெளியிட்டார்கள். டென்னிஸ் பந்தை வாளிக்குள் எறிய வேண்டும். ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு தொகை பெறலாம். அல்லது முகம் தெரியாத ஒருவரோடு போட்டியிட்டு, வென்றால் மூன்று மடங்கு பெறலாம். மாசாய் ஆண்களில் பாதிப்பேரும் பெண்களில் 26 சதவீதத்தினரும் போட்டியைத் தேர்ந்தார்கள். காசி மக்களிடமோ பெண்கள் 54, ஆண்கள் 39 சதவீதம்.

காசிக் குடும்பங்களில் குலப்பெயர் தாய்வழியே வருகிறது. பூர்வீகச் சொத்து கடைக்குட்டி மகளுக்குச் சேர்கிறது. ஆனாலும் குடும்ப விவகாரங்களில் தாய்மாமனின் சொல்லுக்கு மதிப்பு அதிகம். ஆகவே இது தாய்வழிச் சமூகமே தவிர, பெண்கள் ஆளும் சமூகம் அல்ல.

2011இல் வெளியான மற்றோர் ஆய்வு காசிகளை அருகிலேயே வாழும் கார்பி மக்களோடு ஒப்பிட்டது. துண்டுகளைச் சேர்த்து உருவம் அமைக்கும் புதிரைத் தந்தைவழிக் கார்பிகளில் ஆண்கள் பெண்களைவிட 36 சதவீதம் குறைந்த நேரத்தில் முடித்தார்கள். காசிகளிடம் குறிப்பிடத்தக்க இடைவெளி இல்லை.

ஹார்மோனுக்குப் பங்கே இல்லை என்று இவை காட்டவில்லை. 7 முதல் 15 வயதுவரையுள்ள பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், தந்தைவழிச் சமூகத்தில் பூப்பு வயதையொட்டியே சிறுமிகளின் போட்டி விருப்பம் குறைந்தது. பூப்பு தாய்வழிச் சமூகத்திலும் வருவதுதான். ஆனால் அங்கே எந்த வயதிலும் சிறுவர் சிறுமியரிடையே அத்தகைய இடைவெளி காணப்படவில்லை.