இரண்டு குழாய், இரண்டு தண்ணீர்

கோயமுத்தூரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுவார்கள்: "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுங்க? உப்புத் தண்ணி எப்பவும் இருக்குங்களா?" நகரின் பல வீடுகளில் இரண்டுக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனித் தொட்டி. சிறுவாணியிலிருந்தோ பில்லூரிலிருந்தோ வரும் நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும்.

ஒரே ஊருக்குள் இத்தனை வித்தியாசம் வரக் காரணம், தண்ணீர் கடந்து வரும் பாதை. சிறுவாணி அணை கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், அடர்ந்த மலைக்காட்டுக்குள் இருக்கிறது. அங்கே பெய்யும் மழை எளிதில் கரையாத பாறைகள் மீது ஓடி, சீக்கிரமே அணையைச் சேர்ந்துவிடுகிறது. சமவெளியில் கதை வேறு. மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் கரியமில வாயுவை ஏற்று லேசான அமிலமாகிறது. சுக்கான்கல்லையும் சுண்ணாம்புப் பாறையையும் ஆண்டுக்கணக்கில் கரைத்துக்கொண்டே ஆழத்துக்குப் போகிறது. பக்கத்து மதுக்கரையில் 1930-களிலேயே சிமெண்ட் ஆலை வந்ததும், அங்கே சுண்ணாம்புக்கல் கிடைத்ததால்தான்.

இப்படிக் கரைந்து வரும் கால்சியமும் மெக்னீசியமும்தான் தண்ணீரின் கடினத்தன்மை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரப்படி, இது லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி.

கண்ணுக்கு முதலில் தெரிவது சோப்பில்தான். சோப்பு நுரைப்பதற்கு முன் கால்சியத்தோடு சேர்ந்து, கரையாத வெள்ளைப் பிசுக்காக மாறிவிடுகிறது. வாளி ஓரத்தில் படிகிற வழுவழுப்பும், தலைக்குக் குளித்த பிறகும் முடி சிக்குப் பிடித்து நிற்பதும் இதனால்தான். வெள்ளை வேட்டி நாளடைவில் பழுப்பேறும். துண்டு விறைத்துப் போகும். அந்தக் கால்சியம் முழுவதையும் பிடித்து முடித்த பிறகே நுரை வரும் என்பதால் சோப்புச் செலவும் கூடும்.

அடுப்படியில் துவரம்பருப்பு காட்டிக் கொடுத்துவிடும். பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள், கொதிக்கும்போது இளகினால்தான் பருப்பு மசியும். தண்ணீரிலுள்ள கால்சியம் அதைப் பிணைத்து இறுக்கிவிடுகிறது. குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் பருப்பு முழித்துக்கொண்டு நிற்கும். சோடா உப்புப் போட்டால் வேகும்தான். ஆனால் பி வைட்டமின்கள் சில குறையும். ஊறவைத்து, நல்ல தண்ணீரில் வேகவைத்து, புளியைக் கடைசியில் சேர்ப்பதே சரியான வழி. புளியின் அமிலமும் பருப்பை வேகவிடாது.

பணம் கரைவது கீசரில். கடின நீரைச் சூடாக்கும்போது, அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. சூடு அதிகமான இடத்தில்தான் படிவும் அதிகம், அதாவது ஹீட்டர் காயிலின் மேல். 400 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள தண்ணீரில் நாளுக்கு 100 லிட்டர் கீசர் வழியாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் கரைந்திருப்பது 40 கிராம். பத்தில் ஒரு பங்கு படிந்தாலே வருடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. அந்தப் பொருக்கு வெப்பத்தைத் தண்ணீருக்கு எளிதில் கடத்தாது. காயில் அளவுக்கு மீறிச் சூடாகி எரிந்துபோகிறது. கீசர் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தால் மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சுத்தம் செய்துவிடலாம். வெப்ப அளவை 50, 55 டிகிரியில் வைத்தாலே படிவு வெகுவாகக் குறையும்.

ஷவரில் அடைப்பு, குழாய் முனையில் வெள்ளைப் படிவு என்றால் வினிகரோ, சிட்ரிக் அமிலம் கரைத்த தண்ணீரோ போதும். ஊறவைத்தால் குமிழ் குமிழாகக் கரையும். கழிவறைக்கு வாங்கிய ஆசிட்டைக் குழாயில் ஊற்றினால் அதன் பளபளப்பே போய்விடும். அந்த ஆசிட் பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

உடம்புக்கு என்ன ஆகும் என்பதே பலரின் பயம். கடினத்தன்மைக்கு உலக சுகாதார நிறுவனம் உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் விதிக்கவில்லை. கால்சியமும் மெக்னீசியமும் உடலுக்குத் தேவையானவை. சிறுநீரகக் கல்லுக்குக் கடின நீர்தான் காரணம் என்பதும் நிரூபிக்கப்படவில்லை. தண்ணீரைக் குறைவாகக் குடிப்பதுதான் அதைவிடப் பெரிய ஆபத்து.

இந்தப் பயமே வீடுதோறும் ஆர்.ஓ. இயந்திரத்தைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறது. சாதாரண வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் தண்ணீர் தர, ஏறக்குறைய மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் கடினத்தன்மைக்காக ஆர்.ஓ. வாங்குவது பணத்துக்கும் தண்ணீருக்கும் நஷ்டம். கரைந்த உப்புகளின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடைசெய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் உத்தரவிட்டதும் இந்த வீணடிப்பை மனதில் வைத்துத்தான்.

அடுக்குமாடிகளில் மாட்டும் சாஃப்ட்னர் வேறு வகை. அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது. அடிக்கடி உப்பு போட்டுப் புதுப்பிக்க வேண்டும். அப்போது வரும் உப்புக் கழிவு மண்ணுக்குள் போனால் நிலத்தடி நீர் இன்னும் கெடும். குளிக்க, துவைக்க இது உதவும். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் குடிப்பதற்கு ஏற்றதல்ல.

எதை வாங்குவதற்கு முன்னும் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். விற்பனையாளர் முக்கிக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் கடினத்தன்மையை அளப்பதில்லை. மின்சாரம் கடத்தும் திறனை வைத்து மொத்த உப்பை மதிப்பிடுகிறது. அதில் பாதிக்கு மேல் சாதாரணச் சோற்றுப்பாகவும் இருக்கலாம். ஆய்வகத்தில் சாயம் சேர்த்த தண்ணீரில் சொட்டுச் சொட்டாக ஒரு கரைசலை விடுவார்கள். ஒயின் சிவப்பு நீலமாக மாறும் இடத்தில் கணக்கு தெரியும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் இதைச் செய்துகொள்ளலாம்.

மழைநீரில் கடினத்தன்மை இல்லவே இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு. மாநிலத்தில் 2003-லேயே கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புக் குழாய்களைச் சுத்தப்படுத்தி, மொட்டை மாடித் தண்ணீரை ஒரு தொட்டிக்குத் திருப்பினால் மழை மாதங்களில் துணி துவைக்க அதுவே ஆகும். மீதியை உறைகிணற்றில் விட்டால், ஆழ்துளைக் கிணற்றின் உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவும் வாய்ப்புண்டு.