எழுபது ஆண்டு காத்திருந்த ஒரு சென்ட் காசு

ரயில்வே டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்குக் காசைக் கண்டால் சலிப்புத்தான் வரும். மாலையில் கணக்கு நேராக வந்தால் போதும் என்ற கவலையில், கைக்கு வரும் காசில் என்ன ஆண்டு போட்டிருக்கிறது என்று எவன் பார்க்கிறான்? நானும் பார்த்ததில்லை. அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் பார்த்தான். அவன் கதையைப் படித்த பிறகு ஒரு வாரம் நானும் ஒவ்வொரு காசையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்ததுதான் மிச்சம்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிட்ஸ்ஃபீல்டு என்று ஓர் ஊர். 1947-ம் ஆண்டு, பதினாறு வயதுப் பையன் ஒருவன் பள்ளிச் சாப்பாட்டு அறையில் பணம் கொடுத்து மீதிச் சில்லறை வாங்கினான். அதில் ஒரு சென்ட் காசு, அதாவது டாலரில் நூறில் ஒரு பங்கு. ஒரு பக்கம் ஆபிரகாம் லிங்கனின் தலை. பக்கத்தில் 1943 என்ற ஆண்டு. நிறம் மட்டும் செம்பு நிறம். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

1943 உலகப் போர் உச்சத்தில் இருந்த சமயம். செம்பு முழுவதும் யுத்தத் தளவாடங்களுக்குப் போயிற்று. ஆகவே அந்த ஒரு வருடம் மட்டும் சென்ட் காசைத் துத்தநாகம் பூசிய உருக்கில் அடித்தார்கள். பிலடெல்பியா, டென்வர், சான்பிரான்சிஸ்கோ ஆகிய மூன்று நாணயசாலைகளிலும் சேர்த்து நூறு கோடிக்கு மேல். வெள்ளை வெளேரென்று இருந்ததால் பத்து சென்ட் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. போதாக்குறைக்குத் துருவும் பிடித்தது. மறு வருடமே அந்த யோசனையைக் கைவிட்டார்கள்.

அப்படியானால் செம்பில் 1943 எப்படி வந்தது? முந்தின ஆண்டு மிஞ்சிய செப்பு வில்லைகள் சில தொட்டிகளின் இடுக்கில் சிக்கிக் கிடந்து, பிறகு உருக்கு வில்லைகளோடு கலந்து அச்சுக்குள் போயிருக்க வேண்டும் என்பது நிபுணர்களின் கணிப்பு. இன்றுவரை வெளிப்பட்டவை ஏறத்தாழ இருபதுதான்.

கருவூலத்தின் பதில்

அந்தப் பையனுக்கு இதெல்லாம் தெரியாது. 1943 செப்புக் காசு கொண்டுவருபவருக்கு ஹென்றி ஃபோர்டு புதுக் கார் தருவார் என்று ஊரெல்லாம் வதந்தி. ஃபோர்டு கம்பெனியை விசாரித்தான். அப்படி ஒன்றும் இல்லை என்றார்கள். அரசாங்கக் கருவூலத்துக்கு எழுதினான். 1943-ல் அடித்த சென்ட் எல்லாம் உருக்குத்தான் என்று பதில் வந்தது. அவன் கையில் இருப்பது போலி என்றுதானே அதற்குப் பொருள்? சர்க்கார் காகிதத்தில் இப்படி ஒரு பதில் வந்தால் நாம் என்ன செய்திருப்போம்? பெட்டிக்கடையில் கொடுத்து மிட்டாய் வாங்கியிருப்போம். அவன் காசைக் கைவிடவில்லை. எழுபது ஆண்டுக்கு மேல் தன்னிடமே வைத்திருந்து, 2018-ல் முதியவராகக் காலமானார். 2019 ஜனவரியில் அது ஏலத்தில் போன விலை 2,04,000 டாலர். நம் பணத்தில் அன்று ஒன்றரைக் கோடி ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அவர் விருப்பப்படி அந்தத் தொகை ஊர்ப் பொது நூலகத்துக்கு என்று ஏற்பாடாயிற்று.

போலி என்று ஒதுக்கப்பட்டு மீண்ட காசு இது ஒன்றுதானா? ஐந்து சென்ட் காசு ஒன்றின் கதையும் இப்படித்தான். சுதந்திரதேவியின் தலை பொறித்த பழைய அச்சை 1912-ஓடு நிறுத்திவிட்டு, 1913-ல் எருமை உருவம் போட்ட புதுக் காசை வெளியிட்டார்கள். ஆனால் பழைய அச்சிலேயே 1913 என்று போட்டு ஐந்தே ஐந்து காசுகள் எப்படியோ வெளியே வந்தன! பிலடெல்பியா நாணயசாலையில் வேலை பார்த்த சாமுவேல் பிரவுன் என்பவர்மீது சந்தேகம், நிரூபணம் ஆகவில்லை. அந்த ஐந்தில் ஒன்றை வைத்திருந்தவர் 1962-ல் கார் விபத்தில் இறந்தார். காசைப் பார்த்த நிபுணர்கள் போலி என்றார்கள். அவருடைய சகோதரி அதை எறிந்துவிடாமல் அலமாரியில் போட்டு வைத்தார். நாற்பது வருடம் கழித்து, 2003-ல் பால்டிமோர் நகரில் மற்ற நான்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோது, அதுவும் அசல்தான் என்று முடிவாயிற்று. 2013-ல் விற்ற விலை 31 லட்சம் டாலருக்கு மேல்.

இப்படி லட்சங்களைச் சொல்வதால் இது சீமான்களின் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் இது ஊர் முழுக்கப் பரவியது 1930-களில், வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலத்தில். விஸ்கான்சின் மாநிலத்து விட்மன் கம்பெனி, துளைகள் போட்ட அட்டைகளை விற்றது. ஆண்டுக்கு ஒரு துளை, நாணயசாலைக்கு ஒரு துளை. டென்வர் என்றால் டி, சான்பிரான்சிஸ்கோ என்றால் எஸ் என்று காசிலேயே எழுத்து இருக்கும். கடைச் சில்லறையைப் பொறுக்கித் துளையை நிரப்ப வேண்டியதுதான். செலவு அந்தந்தக் காசின் மதிப்பு மட்டுமே.

நிரம்பாமல் பாடாய்ப் படுத்திய துளை 1909-ம் ஆண்டினுடையது. லிங்கன் பிறந்த நூறாம் ஆண்டுக்காக வந்த காசு அது. அதன் உருவத்தைச் செதுக்கிய விக்டர் டேவிட் பிரென்னர் லித்துவேனியாவிலிருந்து பிழைக்க வந்தவர். தன் பெயரின் முதலெழுத்துகள் மூன்றைப் பின்புறம் போட்டுவிட்டார். ‘விளம்பரமா?’ என்று கூச்சல் கிளம்ப, சில நாட்களிலேயே எழுத்துகளை எடுத்துவிட்டார்கள். அதற்குள் சான்பிரான்சிஸ்கோவில் அந்த எழுத்துகளோடு அடித்தது 4,84,000 மட்டும்.

புளி போடாதீர்கள்!

காசு கிடைத்தவுடன் நம்மவர்கள் முதலில் செய்யும் காரியம் புளி போட்டுத் தேய்ப்பது. பளபளக்கும், ஆனால் சேகரிப்பவரிடம் விலை பாதாளத்துக்குப் போய்விடும். பழைய காசின் கறுப்பும் பச்சையும் அப்படியே இருக்க வேண்டும்.

யாராவது 1943 செப்புக் காசு என்று காட்டினால் காந்தத்தை எடுங்கள். ஒட்டிக்கொண்டால் அது உருக்குக் காசுக்குச் செம்பு முலாம். ஒட்டாவிட்டாலும் அசல் என்று துள்ள வேண்டாம். 1948 காசின் எட்டைச் சுரண்டி மூன்றாக்குகிற பேர்வழிகளும் இருக்கிறார்கள்.

ஒரு சென்ட் அடிக்க மூன்றரை சென்டுக்கு மேல் செலவாகிறது என்று, 2025 நவம்பர் 12-ம் தேதி பிலடெல்பியாவில் புழக்கத்துக்கான கடைசி சென்ட் காசுகளை அடித்து நிறுத்திவிட்டார்கள். ஏற்கெனவே இருப்பவை செல்லும். அமெரிக்கா போய் வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை என் மகனுக்கு நான்கு சென்ட் கொடுத்தான். அதில் பழையது 1969. ஆண்டுக்குக் கீழே டி என்ற எழுத்து, ஆகவே டென்வர். பையன் பழைய காலண்டர் அட்டையில் துளை போட்டுக்கொண்டிருக்கிறான். புளியைத் தொடக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.