தொலைவும் நேரமும்: கொல்கத்தா – அகர்தலா

இரு நகரங்களுக்கு இடையே எவ்வளவு தொலைவு என்னும் வினாவிற்கு எப்போதும் ஒரே விடை கிடைப்பதில்லை. கொல்கத்தாவும், திரிபுராவின் தலைநகரான அகர்தலாவும் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இவற்றின் விமான நிலையங்களுக்கு இடையே நேர்த் தொலைவு ஏறத்தாழ 320 கிலோமீட்டர். இரயில் வழித் தொலைவோ 1,500 கிலோமீட்டருக்கும் மேல். விமானத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடியும் பயணம், இரயிலில் ஒன்றரை நாள் நீள்கிறது.

பறக்கும் நேரம்

ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதாகக் கொண்டால், 320 கிலோமீட்டரைக் கடக்க 24 நிமிடங்கள் போதும். எனினும் கால அட்டவணை ஒரு மணி நேரம் எனக் குறிப்பிடுகிறது. விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வது முதல், சேருமிடத்தில் வந்து நிற்பது வரை உள்ள நேரம் முழுவதும் அதில் அடங்குவதே காரணம். ஓடுபாதையை அடைதல், மேலெழுதல், கீழிறங்குதல் ஆகியவற்றிற்கு ஆகும் நேரம் தொலைவுக்கேற்ப மிகுதியாக மாறுவதில்லை. ஆகவே குறுகிய பயணத்தில் சராசரி வேகம் குறைகிறது. டில்லி – சென்னை நேர்த் தொலைவு ஏறத்தாழ 1,760 கிலோமீட்டர், அதாவது ஐந்தரை மடங்கு. பயண நேரமோ மூன்று மடங்கிற்கும் குறைவே.

நிலவழி நீண்டது ஏன்?

அகர்தலாவுக்கு மிக அருகில் உள்ள அகௌரா இரயில் நிலையமே முன்பு திரிபுராவின் வாயிலாக விளங்கியது. 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையில் அது கிழக்குப் பாகிஸ்தானுக்குச் சென்றது. அதன்பின் திரிபுராவின் நிலவழிப் போக்குவரத்து, குறுகிய சிலிகுரி இடைவழியாக வடக்கே சென்று, அஸ்ஸாமைச் சுற்றி வரலாயிற்று. அகர்தலாவுக்கு இரயில் வந்ததே 2008-ஆம் ஆண்டில்தான். அகலப்பாதை 2016-இல் வந்தது.

வான்வழியும் நாடுகளின் இசைவைச் சார்ந்ததே. தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளி மீது ஒவ்வொரு நாட்டிற்கும் முழு இறைமை உண்டு என்பது 1944-ஆம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கையின் கோட்பாடு. 1971 பிப்ரவரியில் இந்தியா தன் வான்வெளியை மூடியபோது, கராச்சியிலிருந்து டாக்கா சென்ற பாகிஸ்தான் விமானங்கள் இலங்கை வழியாகச் சுற்றிச் செல்ல நேர்ந்தது.

தொலைவின் விலை

மேல்சிகிச்சைக்குச் செல்லும் நோயாளிக்கு ஒரு மணி நேரப் பயணம் உயிர் காக்கும் வசதியாகும்; ஆனால் கட்டணம் செலுத்த இயலாதவருக்கு அகர்தலா இன்னும் ஒன்றரை நாள் தொலைவிலேயே உள்ளது. சரக்குகளின் நிலையும் இதுவே. திரிபுராவின் அன்னாசியும் இரப்பரும் வெளிச் சந்தையை அடைவதற்கும், சிமெண்டும் இரும்பும் அங்கு வந்து சேர்வதற்கும் ஆகும் செலவு, விலையில் ஏறிவிடுகிறது. இதை ஓரளவு ஈடுசெய்யவே மைய அரசு 1971-இல் போக்குவரத்து மானியத் திட்டத்தைத் தொடங்கியது.

மானியம் செலவைப் பகிர்ந்துகொள்ளுமேயன்றித் தொலைவைக் குறைக்காது. 2021 மார்ச்சில் சப்ரூமில் பெனி ஆற்றின் மீது பாலம் திறக்கப்பட்டதும், 2023 நவம்பரில் அகர்தலா – அகௌரா இரயில் இணைப்புத் தொடங்கி வைக்கப்பட்டதும் தொலைவையே குறைக்கும் முயற்சிகளாகும். வங்காளதேசத்தின் ஊடே செல்லும் வழி தடையின்றி அமையுமாயின், கொல்கத்தாவுக்கான இரயில் தொலைவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும். ஆயினும் பாலமும் தண்டவாளமும் மட்டும் இதற்குப் போதா. இரு நாடுகளின் நிலைத்த நல்லுறவும் வேண்டும்.

ஆகவே ஒரு வட்டாரத்தின் போக்குவரத்துத் தேவையை மதிப்பிடுவோர், நிலப்படத்தில் அளந்த கிலோமீட்டர்களோடு நின்றுவிடலாகாது. எவ்வளவு நேரம், என்ன செலவு, அதை யார் ஏற்கின்றனர் என்பனவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.