எல்லாப் பழியும் காற்றுக்கா?

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், இது அவசரமாகச் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை. நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் உள்ள பழைய அம்பாசடரோ பத்மினியோ வைத்திருப்பவர், பெடல் கீழே போனதும் “ஏர் எடுத்துடுப்பா” என்கிறார். எடுக்கிறார்கள். மறு வாரமும் பெடல் கீழேதான் போகிறது.

முதலில் காலால் சோதியுங்கள். ஒரு மிதிக்குப் பெடல் தாழப் போய், உடனே இரண்டாம் மிதிக்கு மேலே நின்று கல் மாதிரி இறுகினால், அநேகமாகக் காற்று இல்லை. லைனிங் தேய்ந்து ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கிறது. அந்த இடைவெளியைக் கடக்க ஒரு மிதியில் வரும் பிரேக் ஆயில் போதவில்லை. பம்ப் அடித்த பிறகும் மெத்து மெத்தென்று இருந்தால்தான் காற்று. அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போய்விட்டது. அதற்கு எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பயனில்லை.

ஆகவே ஷூ அட்ஜஸ்ட்மென்ட்தான் முதல் வேலை. வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பின்சக்கரம் என்றால் ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள். சக்கரம் சுற்றாமல் நிற்கும் வரை அட்ஜஸ்டரை இறுக்கி, பெடலை ஒரு தரம் மிதித்து ஷூவை உட்கார வைத்து, பிறகு சக்கரம் தடையில்லாமல் சுற்றும் அளவுக்குத் தளர்த்துங்கள். பாதிப் பேருக்கு இதோடு தீர்ந்துவிடும்.

தீராதவர்களுக்குத்தான் ப்ளீடிங், அதாவது ஏர் எடுப்பது. ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீரை அடைத்து முனையை விரலால் மூடி அழுத்திப் பாருங்கள், நகராது, காற்றென்றால் உள்வாங்கும். பிரேக் லைனில் நடப்பதும் அதுவே. மாஸ்டர் சிலிண்டருக்கு அதிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குங்கள். நம் ஊர் வலக்கை வண்டிகளில் வழக்கமாக அது பின் இடது. நிப்பிளைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்து, தெளிந்த டியூப்பை மாட்டி, மறுமுனையைப் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முங்க வையுங்கள். உள்ளே இருப்பவர் மிதிக்க, நீங்கள் அரைச் சுற்றுத் திறக்க, பெடல் இறங்கும். நிப்பிளை மூடிய பிறகே “விடு” என்று சொல்ல வேண்டும். முந்திக்கொண்டு காலை எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். குமிழி நிற்கும்வரை இப்படியே செய்யுங்கள். நடுநடுவே மாஸ்டர் சிலிண்டர் டப்பாவைப் பாருங்கள். அது வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பலர் விடுகிற விஷயம் ஒன்று. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வையுங்கள். தினமும் பாதி தூரமே போய்வந்த பிஸ்டனை அடிவரை தள்ளினால், சிலிண்டரின் துருப்பிடித்த பகுதியில் உரசி ரப்பர் கிழியும். ப்ளீட் செய்த மறுநாள் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று மெக்கானிக்கைத் திட்டுகிறவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலைச் சாலையில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சக்கரத்தருகே ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் தரையைத் தொடலாம். ஆறியதும் பழையபடி பிடிக்கும். அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். இஞ்சின் ஆயிலை மட்டும் அந்த டப்பாவில் ஊற்றிவிடாதீர்கள், ரப்பரெல்லாம் ஊதிப்போகும்.

எல்லாம் செய்தும் பெடல் மெத்தென்றே இருக்கிறதா? ஒருவர் மிதிக்கும்போது சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கவனியுங்கள். அது உப்பினால் ஹோஸை மாற்றுங்கள். பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன் என்பதால், ஒரு ஹோஸ் வெடித்தால் மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டுமே.