நின்றே கெடும் டயர்: டிரெய்லருக்கு மாற்று டயரும் சக்கரமும் வாங்கும் முறை

காரைக்குடி வட்டாரத்தில் நேமத்தான்பட்டி போன்ற ஊர்களில் வடகிழக்குப் பருவமழையையும் கண்மாய் நீரையும் நம்பியே நெல் பயிரிடப்படுகிறது. பெரும்பாலான நிலங்களில் ஆண்டுக்கு ஒரு போகம்தான். ஆகவே டிராக்டரின் பின்னால் பூட்டும் டிரெய்லருக்கும் ஆண்டில் சில வாரங்களே முழு வேலை இருக்கிறது. தை, மாசி மாதங்களில் நெல் மூட்டைகளை நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கோ புதுவயல் அரிசி ஆலைகளுக்கோ கொண்டு செல்ல வேண்டும். அடுத்து வைக்கோல் ஏற்ற வேண்டும். கோடையில் கண்மாய் வண்டலும் தொழுவுரமும் வயலுக்கு அடிக்க வேண்டும். மற்ற மாதங்களில் டிரெய்லர் களத்து ஓரத்தில் வெயிலில் நிற்கிறது.

ஓடாமல் நிற்கும் வண்டியின் டயர் கெடாது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை இதற்கு மாறானது. லாரி டயர் ஓடித் தேய்கிறது. டிரெய்லர் டயர் நின்று கெடுகிறது. பட்டன் புதிதுபோல் இருக்கும்போதே ரப்பர் வலுவிழந்துவிடுகிறது. மேலை நாடுகளில் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் தங்கும் வண்டிகளிலும் இதே நிலைதான். விடுமுறைக்கு மட்டும் ஓடி, மற்ற நாளெல்லாம் நிற்பதால் அவற்றின் டயர்கள் தேயுமுன்பே வெடித்துப்போகின்றன. ஆகவே டிரெய்லருக்கு டயர் வாங்கும் உழவர் பட்டனை மட்டும் பார்த்தால் போதாது. டயரின் வயதையும், அது தாங்கும் பாரத்தையும் பார்க்க வேண்டும்.

டயர் நின்று கெடுவது ஏன்?

வெயிலும், வெப்பமும், காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை இறுகச் செய்கின்றன. ரப்பரின் வெடிப்பைத் தடுக்கச் சேர்க்கப்பட்டுள்ள பொருள்கள், டயர் உருண்டு நெளியும்போதுதான் மேற்பரப்புக்கு நன்றாகக் கசிந்து வரும். நிற்கும் டயரில் இது குறைவு. மேலும் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் பாரத்தோடு நிற்கும்போது தரையில் படும் பகுதி தட்டையாகி, உள்ளே உள்ள நூல் அடுக்கு மடங்கி நலிகிறது. காற்று குறைந்திருந்தால் இந்தக் கேடு விரைந்து வரும்.

மாற்ற வேண்டிய அடையாளங்கள்

பக்கச் சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றி ஆழமாகி வருதல், எங்காவது கட்டி போல் புடைத்தல், நூல் வெளியே தெரிதல், பட்டன் தேய்ந்து மொட்டையாதல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் டயரை மாற்றிவிட வேண்டும். புடைப்பு உள்ள டயரில் ஒரு நடை மட்டும் ஓட்டிவிடலாம் என்று துணியக் கூடாது.

வெளியில் குறை தெரியாவிட்டாலும், 5 ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் கழற்றிச் சோதிக்க வேண்டும் என்பதும், 10 ஆண்டு கடந்ததைக் கழித்துவிட வேண்டும் என்பதும் பொதுவான வழிகாட்டுதல். வெயிலிலேயே நிற்கும் டிரெய்லருக்கு இந்தக் கெடுவையும் குறைத்துக்கொள்வது நல்லது.

முதலில் பாரத்தைக் கணக்கிடுங்கள்

கடைக்குப் போகுமுன் நம் டிரெய்லர் சுமக்கும் எடையை அறிந்துகொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள ஒரு பெட்டியைக் கொள்வோம். இதன் கொள்ளளவு 120 கன அடி, அதாவது சுமார் 3.4 கன மீட்டர். இதில் நெல்லைத் தலை தட்டி நிரப்பினால் ஏறக்குறைய 2 டன் வரும். அது 40 கிலோ மூட்டையாக 50 மூட்டை. அதே பெட்டியில் ஈர வண்டலைத் தலை தட்டி நிரப்பினால் 5 டன்னைத் தாண்டிவிடும். பெட்டி ஒன்றுதான், பாரம் இரண்டரை மடங்கு.

வெற்று டிரெய்லரின் எடை 1 டன் என்றும், அது ஓர் அச்சும் இரண்டு டயரும் உள்ளது என்றும் வைத்துக்கொண்டால், நெல் பாரத்துக்கு மொத்தம் 3 டன், ஒரு டயருக்கு 1.5 டன் ஆகிறது. பாரத்தில் ஒரு பங்கை டிராக்டரின் கொக்கி தாங்குவது உண்மைதான். ஆயினும் அதைக் கழிக்காமல் கணக்கிடுவதே பாதுகாப்பு. வரப்பு ஏறும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் ஒரு பக்க டயருக்கே கூடுதல் பாரம் விழும். அதற்காகக் கால் பங்கு கூட்டினால் ஒரு டயர் ஏறக்குறைய 1,900 கிலோ தாங்க வேண்டும்.

இந்த டயரைக் கொண்டு வண்டல் அடிப்பதானால், பெட்டியில் ஓர் அடி உயரத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. அப்போது வண்டல் 2.5 டன் அளவில் நிற்கும். ஒரு டயருக்கு 1.75 டன் அளவில் பாரம் விழும். பெட்டியின் உட்புறம் ஓர் அடியில் பெயிண்டால் கோடு போட்டுவைத்தால் ஏற்றும் ஆட்களுக்கு அளவு தெரியும். கனமான டயர் போட்டால் முழுப் பெட்டி வண்டல் ஏற்றலாமே என்று எண்ண வேண்டாம். அச்சும், ஹப்பும், பேரிங்கும் அந்தப் பாரத்துக்கு அமைந்தவையா என்பதைப் பட்டறையில் கேட்டறிய வேண்டும்.

டயரில் உள்ள எண்களைப் படிக்கும் முறை

டயரின் பக்கச் சுவரில் 9.00-16 என்று இருந்தால், டயரின் அகலம் சுமார் 9 அங்குலம், அது உட்காரும் ரிம்மின் விட்டம் 16 அங்குலம் என்று பொருள். நடுவில் கோடு இருப்பது சாதாரண நைலான் டயர். கோட்டுக்குப் பதில் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்து இருப்பது ரேடியல் டயர். ஒரே அச்சில் ஒரு பக்கம் நைலானும் மறுபக்கம் ரேடியலும் போடக் கூடாது.

‘பிளை’ எண் டயரின் வலுவைக் குறிக்கும். 16 பிளை என்றால் உள்ளே 16 அடுக்கு நூல் இருக்கிறது என்று இன்று கொள்ள முடியாது. அது வலுவின் அளவுகோல் மட்டுமே. சில டயர்களில் பார எண்ணும் வேகக் குறியும் இருக்கும். பார எண் 120 என்றால் 1,400 கிலோ, 130 என்றால் 1,900 கிலோ, 136 என்றால் 2,240 கிலோ. ‘ஏ8’ என்ற வேகக் குறி மணிக்கு 40 கிலோமீட்டரைக் குறிக்கும். நாம் மேலே கண்ட டிரெய்லருக்குப் பார எண் 130 அல்லது அதற்கு மேல் உள்ள டயர் வேண்டும்.

வயதை அறிய, பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கத்தைப் பார்க்கவும். 2324 என்று இருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். கடையில் நெடுநாள் கிடந்த டயரை விலை குறைவு என்று வாங்கினால், அதன் ஆயுளில் ஒரு பகுதியை இழந்தே வாங்குகிறோம். இயன்றவரை ஓராண்டுக்குள் செய்த டயரைக் கேட்டு வாங்கவும்.

மாட்டு வண்டிக்கென்று செய்யப்படும் டயர்களில் ‘ஏ.டி.வி.’ என்ற எழுத்துகள் இருக்கும். 8.00-19 போன்ற அளவுகளில் இவை கிடைக்கின்றன. மாட்டின் நடை வேகத்துக்கு இவை ஏற்றவை. டிராக்டர் டிரெய்லருக்கு இவற்றைப் போடக் கூடாது. வேகத்தில் சூடேறிக் கெட்டுவிடும்.

பழைய டயரும் ரீட்ரெட் டயரும்

லாரியில் கழித்த டயரைக் குறைந்த விலைக்கு வாங்கிப் போடும் வழக்கம் நம் பக்கம் உண்டு. கழித்த காரணம் நமக்குத் தெரியாது. புதுப் பட்டன் ஒட்டிய ரீட்ரெட் டயரில் மேல் ரப்பர் புதிது; உள்கூடு பழையது. வாங்குவதானால் உள்கூட்டின் தேதியைப் பார்த்து, உட்புறம் கைவிட்டுத் தடவி, ஒட்டுப் போட்ட இடமோ மடிப்போ இல்லை என்று தெளிந்த பின்பே வாங்க வேண்டும். தார்ச் சாலையில் முழுப் பாரத்தோடு ஓடும் டிரெய்லருக்குப் புதிய டயரே ஏற்றது. கையில் இரண்டு டயருக்கே பணம் இருந்தால் இரண்டையும் ஒரே அச்சில் போடவும். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் தேய்ந்ததுமாக இருந்தால் பெட்டி சாய்ந்து, பாரம் ஒரு பக்கம் கூடும்.

சக்கரம் வாங்கும்போது

ரிம் துருப்பிடித்து உதிர்ந்தாலோ, விளிம்பு வளைந்தாலோ, போல்ட் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்தாலோ, ஓட்டையைச் சுற்றி வெடிப்பு கண்டாலோ சக்கரத்தையும் மாற்ற வேண்டும். வெடித்த டிஸ்க்கை வெல்டு வைத்து ஓட்டுவது ஆபத்தானது.

புதிய சக்கரத்தில் ரிம்மின் விட்டமும் அகலமும், போல்ட் ஓட்டைகளின் எண்ணிக்கை, ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், நடு ஓட்டையின் அளவு, டிஸ்க் உள்வாங்கிய அளவு ஆகிய எல்லாம் பழையதோடு பொருந்த வேண்டும். 6 அல்லது 8 ஓட்டை உள்ள சக்கரத்தில் எதிரெதிர் ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் வட்டத்தின் விட்டம் கிடைக்கும். 5 ஓட்டை என்றால் அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் மைய இடைவெளியை அளந்து 1.7ஆல் பெருக்க வேண்டும். எளிய வழி, பழைய சக்கரத்தையே கடைக்கு எடுத்துச் செல்வதாகும்.

பொருத்தும்போது

புதிய டயருக்குப் புதிய டியூபே போட வேண்டும். பழைய டியூப் விரிந்து நீண்டிருப்பதால் உள்ளே மடிந்து அறுபடும். லாக் ரிங் உள்ள சக்கரமானால், காற்றை முழுவதும் இறக்கிய பின்பே பயிற்சி உள்ளவர் கழற்ற வேண்டும். காற்று இருக்கும்போது ரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. நட்டுகளைச் சுற்றி வரிசையாக முடுக்காமல், ஒன்றை அடுத்து அதற்கு எதிரே உள்ளதை என்ற முறையில் முடுக்கவும். முதல் பார நடை முடிந்ததும் மீண்டும் ஒரு முறை முடுக்கிப் பார்க்க வேண்டும்.

காற்றும் பராமரிப்பும்

1888இல் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். 1932இல் அமெரிக்காவின் அல்லிஸ்-சாமர்ஸ் நிறுவனம் டிராக்டருக்குக் காற்று டயர் பூட்டியது. இவற்றின் அடிப்படை ஒன்றே: பாரத்தைத் தாங்குவது ரப்பர் அன்று, காற்று. காற்று குறைந்த டயர் அளவுக்கு மீறி நெளிந்து, சூடேறி வெடிக்கிறது. டயரில் குறித்துள்ள பவுண்டு அளவைக் காலையில், வண்டி ஓடுமுன் சரிபார்க்கவும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடித் தெரியும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடக் கூடாது.

வேலை முடிந்ததும் பெட்டியைக் காலி செய்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, அச்சின் கீழ் உறுதியான மரக்கட்டை கொடுத்து நிறுத்தலாம். டயர்களைச் சாக்கு அல்லது தென்னங்கீற்றால் மூடவும். டீசல், எண்ணெய், கிரீஸ் படாமல் காக்கவும்.

மார்கழித் தொடக்கத்தில் ஒரு நாள் ஒதுக்கி டயரின் தேதி, வெடிப்பு, காற்று, நட்டு ஆகிய நான்கையும் சோதித்தால், குறை கண்டாலும் மாற்றிக்கொள்ள நாள் இருக்கும். தை மாதம் பாரத்தோடு பாதி வழியில் டயர் வெடித்தால் வாடகையும் கூலியும் நட்டமாவதோடு, கவிழும் பெட்டியால் உயிர்ச் சேதமும் நேரலாம். பெட்டி சரக்குக்கே உரியது. மூட்டைகளின் மேல் ஆட்களை ஏற்றி வருவதை அறவே தவிர்க்க வேண்டும். ஆண்டு முழுதும் பாடுபட்டு விளைத்த ஒரு போக நெல் ஓடிச் சேர வேண்டியது இந்தச் சக்கரங்களின் மேல்தான் என்பதை நினைவிற்கொண்டு, உழவர்கள் டயரை எடை பார்த்தும் வயது பார்த்தும் வாங்கிப் பயன் பெறலாம்.