உலகம் மெய்யோ, போலியோ?

பினாங்கு, ஜார்ஜ் டவுன் நகரின் ஆர்மீனியன் தெருவில் ஒரு சுவரோவியம் உண்டு. லித்துவேனியாவிற் பிறந்த எர்னஸ்ட் சக்கரேவிச் என்னும் ஓவியர் 2012ஆம் ஆண்டில் வரைந்தது. அக்காள் மிதிவண்டி ஓட்டுகிறாள். பின்னிருந்து தம்பி அவளைப் பற்றிக்கொண்டிருக்கிறான். பிள்ளைகள் இருவரும் வண்ணத்தால் தீட்டப்பெற்றவர்கள். வண்டியோ சுவரிற் பொருத்தப்பெற்ற மெய்யான மிதிவண்டி.

எங்கள் தோட்டப் பள்ளி மாணவரைப் பாலங் கடந்து அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். ஒரு மாணவி வண்டியைத் தொட்டாள், இரும்பு. தம்பியின் கன்னத்தைத் தொட்டாள், சுவர். "ஐயா, நாமும் யாரோ வரைந்த படமாக இருந்தால் அது நமக்குத் தெரியுமா?" என வினவினாள். உடனிருந்த மாணவன், "படமென்றால் யாரை அடித்தாலும் குற்றமில்லையே!" என்றான். கணினி விளையாட்டிற் பழகிய பிள்ளைகள் இவ்வாறு கேட்பது இயல்பே. நகைத்து ஒதுக்குதல் ஆசிரியர்க்குத் தகாது. ஆதலின் இதனை ஆராய்வோம்.

பிழையான அறிவு எவ்வாறு தோன்றுகிறது என்பதைத் தமிழர் முன்னரே எண்ணியுள்ளனர். மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி நகரில் அளவைவாதி அளவைகளைக் கூறியபின், அவற்றின் போலிகள் எட்டனையும் கூறுகிறான். சிப்பியை வெள்ளியென உணர்தல் 'திரியக் கோடல்'. கட்டையோ மனிதனோ எனத் தடுமாறுதல் 'ஐயம்'. இப்பிழைகள் எப்படி வெளிப்படுகின்றன? சிப்பியைக் கையில் எடுத்துப் பார்க்கிறோம். கட்டையை நெருங்கிச் சென்று காண்கிறோம். ஒரு காட்சியை மற்றொரு காட்சி திருத்துகிறது. எங்கள் மாணவியின் விரல் செய்ததும் அதுவே.

ஆனால் கண்ணும் விரலும் சுவரும் ஒருங்கே போலியாயின் எதனைக் கொண்டு எதனைத் திருத்துவது? கனவை எடுத்துக்காட்டாக்கி, அறிவே உளது, புறப்பொருள் இல்லை என்றனர் யோகாசார பௌத்தர். பிரம சூத்திர உரையில் சங்கரர் அதனை மறுத்தார்: கனவிற் கண்டது விழித்தவுடன் பொய்ப்படுகிறது, விழிப்பிற் கண்டது அவ்வாறு பொய்ப்படுவதில்லை என்பது அவர் கூற்று. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியாரும் சிவஞான சித்தியார்ப் பரபக்கத்தில் யோகாசாரர் கொள்கையை எடுத்துக் கூறி மறுத்தார்.

இப்பழைய வினா இன்று கணினி வடிவிற் வந்துள்ளது. 2003ஆம் ஆண்டில் நிக் பாஸ்ட்ரம் என்னும் மெய்யியலார் ஒரு கட்டுரை வெளியிட்டார். மூன்றில் ஒன்றேனும் உண்மையாதல் வேண்டும் என்பது அவர் வாதம். ஒன்று, உணர்வுடைய உயிர்களைக் கணினியிற் படைக்கும் திறன் பெறுமுன்னரே அறிவுடைய இனங்கள் ஏறத்தாழ யாவும் அழியும். இரண்டு, திறன் பெற்றவை தம் முன்னோர் வாழ்வை அவ்வாறு இயக்கிப் பார்க்க விரும்புவது மிக அரிது. மூன்று, நாம் அத்தகைய போலியுலகில் வாழ்வது ஏறத்தாழ உறுதி. மூன்றாவதே உண்மையென அவர் முடித்துக் கூறவில்லை என்பதைக் கருத்திற் கொள்க.

சோதித்தறிய வழியுண்டா? 2012ஆம் ஆண்டில் பீன், தாவூதி, சாவேஜ் என்னும் இயற்பியலார் மூவர் ஒரு வழி கூறினர். கணக்கேட்டின் கட்டத்தாளை நினைத்துக்கொள்க. கோட்டின் வழியே செல்வதும் மூலைக்கு மூலை செல்வதும் ஒன்றல்ல. வெளியும் அவ்வாறு கட்டங்களாகக் கணிக்கப்படுமாயின், விண்ணிலிருந்து வரும் மிகுந்த ஆற்றலுடைய கதிர்கள் திசைக்குத் திசை வேறுபடக்கூடும் என்றனர்.

அத்தகைய வேறுபாடு காணப்பட்டாலும் ஐயம் தீராது. இயற்கையே கட்டமுடையதாக இருக்கலாம். காணப்படாவிடினும் தீராது, கட்டம் மேலும் நுண்ணியதாக இருக்கலாம். எனவே, குறையுள்ள போலியின் குறையை நாம் ஒருநாள் காணக்கூடும். குறையற்ற போலியாயின் எச்சோதனையாலும் காண இயலாது. இவ்வுலகு போலியன்று என்று முடிவாக நிறுவுதலும் இயலாது. மாணவியின் வினாவிற்கு நேர்மையான விடை இதுவே.

மாணவன் கூற்றுக்கு விடை வேறு. கயிற்றைப் பாம்பென மருண்டவனை எண்ணுக. பாம்பு பொய், அவன் கொண்ட அச்சமோ மெய். வலியும் அத்தகையதே. சிப்பி வெள்ளியாகத் தோன்றலாம். வலியில்லாதது வலியாகத் தோன்றுவதில்லை, வலி தோன்றுவதே வலி உள்ளதாதலால். உலகம் எதனால் ஆனதாயினும், அடிபட்டவனுக்கு நோகும், பசித்தவன் வாடுவான். ஆகவே அடித்தது குற்றமே.

மறுநாள் வகுப்பில் இவ்விரண்டையும் சொன்னேன். மாணவன் சற்றுநேரம் எண்ணி, "அப்படியானால் அந்தச் சுவரில் இருக்கும் தம்பிக்கு வலிக்காது, எனக்கு வலிக்கும்" என்றான். அவ்வேறுபாட்டை அவன் தானே கண்டது எனக்கு மகிழ்ச்சி. எதைச் சோதித்தறியலாம், எதை அறிய இயலாது, எதற்குச் சோதனையே வேண்டுவதில்லை என மூன்றாகப் பிரித்துப் பார்க்க மாணவரைப் பழக்குதல் ஆசிரியப் பெருமக்களின் கடனாகும்.